பதினாலு மாலையும் ஒரு கேள்வியும்

பதினாலு மாலை. ஒண்ணு விடாம நான் எண்ணினேன். மைக் செட்டைக் கட்டி முடிச்சுட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தவனுக்கு வேற என்ன வேலை? மாலைக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு போட்டோ, போட்டோவுக்கு ஒரு பல்லிளிப்பு. சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த டாக்டருக்குக் கழுத்தெல்லாம் நிறைஞ்சு, காது மூடி, கடைசியில மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வெளிய தெரிஞ்சது. அந்தப் பதினாலு மாலையையும் கட்டினவ சந்திரமதி. அதே மாலையால நாசமாப் போனவளும் அவதான். நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. அதனால நான் அடக்க ஒடுக்கமாப் பேசுவேன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

என் பேரு யூசுப். மலாக்காவுல காஜா பெராங்ல ரேடியோ ரிப்பேர் கடை. கல்யாணம், கோயில் திருவிழா, மெர்டேக்கான்னு சொல்ற சுதந்திர நாள் கூட்டம், எலெக்‌ஷன் கூட்டம், எதுவா இருந்தாலும் மைக் நம்ம மைக்குதான். அம்மன் கோயில்லயும் அதே மைக்கு, பள்ளிவாசல் மவுலிதுலயும் அதே மைக்கு. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் என்னை நானான்னுதான் கூப்பிடுவாங்க. நான் மேடையில பேசறவன் இல்ல. பேசறவங்களைப் பேச வைக்கிறவன். என் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்: தலைவரு கையைப் பாக்கணும். தலைவரு கை மேல போனா சத்தத்தைக் கூட்டு. கீழ போனா குறை. கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தா அணைச்சுடு. பதினஞ்சு வருஷமா இதைத்தான் செஞ்சேன். ஒரு தடவையாவது ஏன்னு கேட்டேனா? கேட்டா அடுத்த கூட்டத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுடுவான்ல.

சந்திரமதி ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. அப்பனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போனான், போனவரு போனவருதான். தாயும் மகளும் டவுனுக்கு வந்து சேர்ந்தாங்க. அம்மா போய்ச் சேர்ந்ததும் பதினாலு வயசுல கோயில் சந்துல ஒரு மேசையைப் போட்டுப் பூ விக்க ஆரம்பிச்சா. விடியக்காலையில சைக்கிளை மிதிச்சு பத்து பெரெண்டாம்ங்கற ஊருக்குப் போவா. அங்க ஒரு சீனர் தோட்டத்துல பூ வாங்கி, பின்னாடி கூடையில கட்டிக்கிட்டு ஏழு மணிக்குள்ள மேசைக்கு வந்துடுவா. நம்ம பக்கத்து மலாக்கா செட்டி வீட்டுப் பொம்பளைங்க முன்னோருக்குப் படைக்கிற நாள்ல இவகிட்டதான் பூ வாங்குவாங்க. தலைமுறை தலைமுறையா இங்கேயே இருக்கிற அவங்களுக்குத் தமிழ் வராது, இவ மலாய்ல வெளுத்து வாங்குவா.

வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி. ஒரு நாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருத்தரு, "சாமிக்குத்தானேம்மா, ஒரு முழம் கூடப் போட்டா குறைஞ்சா போயிடும்?"ன்னாரு. இவ நிமிர்ந்து கூடப் பாக்காம, "சாமிக்குன்னா சாமியையே வந்து கேக்கச் சொல்லுங்க, போடறேன்"ன்னா. அந்த மனுஷன் அதுக்கப்புறம் அந்தச் சந்து பக்கம் வர்றதுக்கே ஆறு மாசமாச்சு.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சா. பூ பொதியறதுக்குப் பழைய பேப்பர் வாங்குவா இல்ல, ஒவ்வொரு தாளையும் படிச்சு முடிச்சுட்டுத்தான் பொதிவா. ஆளு காத்துக்கிட்டு நிப்பாங்க. "இருங்க, இந்தப் பத்தி முடியட்டும்"பா. மெர்டேக்கா வந்த புதுசுல ஜனங்களுக்கெல்லாம் அறிவு வளரணும்னு பல்கலைக்கழகத்துக்காரங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க பாருங்க, அது ஒண்ணையும் இவ விடமாட்டா. மண்ணைப் பத்திப் பேசினாலும் வருவா, நட்சத்திரத்தைப் பத்திப் பேசினாலும் வருவா. பொம்பளைங்க பக்கம் முதல் வரிசை, ஓரத்து நாற்காலி. நட்சத்திரத்தைப் பத்திப் பேச வந்தவரை ஊர்ச் சங்க மண்டபத்துப் படியிலேயே மடக்கி, பகல்ல ஏன் நிலா தெரியுதுன்னு கேட்டுட்டா. அந்த நல்ல மனுஷன் செருப்பைக் கூடப் போடாம நின்னு பதில் சொன்னாரு. அன்னையில இருந்து அவளுக்கு ஒரு நம்பிக்கை, படிச்சவங்ககிட்ட கேட்டா சொல்லுவாங்கன்னு. "கேட்டாத்தானே நானா தெரியும்?" இதை நூறு தடவை சொல்லியிருப்பா.

அவ வீட்டுக்காரர் கலியாணசுந்தரம். ஆத்துல தொங்காங்னு சொல்ற சரக்குப் படகுல மூட்டை தூக்கறவரு. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, பிடிவாதம் மட்டும் மூட்டை மூட்டையா. அவருக்கு இருமல் வந்தது, இருமல்ல ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துட்டுக் காசநோய்ன்னு சொல்லிட்டாங்க. ஊசியும் மாத்திரையும் ஆரம்பிச்சு மூணே மாசத்துல இருமல் நின்னுபோச்சு. சோறு இறங்குச்சு, கன்னத்துல சதை வச்சுது. ஊசிக்குப் போற நாள்ல பாதி நாள் வேலை போகும், கங்காணி முறைப்பான். அதோட நம்ம ஊரு வைத்தியனுங்க வேற சும்மா இருப்பானுங்களா? ரொம்ப ஊசி போட்டா ரத்தம் சுண்டிடும், ஆம்பளைக்கு ஆகாதுன்னு டீக்கடையில உக்காந்து ஆளாளுக்கு டாக்டர் பட்டம் வாங்கிட்டானுங்க. கலியாணசுந்தரம் ஊசியை ஒரு வாரம் விட்டாரு, அப்புறம் ரெண்டு வாரம்.

"நர்சம்மா வரச் சொல்லிச்சே, போகலையா?"ன்னு இவ கேட்டா, "அது எல்லாரையும்தான் வா வாங்குது. நோவு போனப்புறம் மருந்து எதுக்கு? பசி தீர்ந்தப்புறம் எவனாவது சோறு திம்பானா?"ன்னுவாரு. புருஷன் பெண்டாட்டிக்குள்ள தினம் இதே சண்டை. கடைசியில ஒரு நாள் அவரு, "நீயும் டாக்டர் இல்ல, நானும் டாக்டர் இல்ல. பெரிய டாக்டர் யாராவது என் காதுபடச் சொல்லட்டும், மறுநாளே போறேன்"ன்னு சொல்லிட்டாரு.

சொல்லி ஒரு மாசம் ஆகல. நம்ம காஜா பெராங் சங்கத்து நோட்டீசு வந்துச்சு. சிங்கப்பூர் பல்கலைக்கழக டாக்டர் கணேசமூர்த்தி 'காசநோயை வெல்வோம்'னு பேசறாரு, படம் காட்டி விளக்கறாரு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி, கேள்விக்கும் நேரம் உண்டு. அந்தக் கடைசி வரியை சந்திரமதி பென்சிலால கோடு போட்டு வச்சிருந்தா.

நோட்டீசை எடுத்துக்கிட்டு என் கடைக்கு வந்தா. "நானா, எங்க வீட்டுக்காரரும் வர்றேன்னுட்டாரு. ஆம்பளைங்க பக்கம் கடைசி வரிசையில உக்காருவாராம். தன் பேரு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் பேரு சொல்லல. 'இருமல் நின்னுபோன ஒருத்தரு ஊசியை நிறுத்தலாமா'ன்னு மட்டும் கேக்கப் போறேன். சரியா இருக்கா?"

"நல்லா இருக்கு தங்கச்சி. சுருக்கமா இருக்கு."

"மைக்கு என் நாற்காலி வரைக்கும் வருமா? அவரு காதுல விழணும். அதான் முக்கியம்."

"ஒயரு எவ்வளவு நீளம் தெரியுமா? ரோட்டு வரைக்கும் வரும். நான் கொண்டாந்து உன் கையில குடுக்கறேன், கவலைப்படாதே"ன்னேன். நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் பதினாலு மாலை. சங்கத் தலைவர் அப்பாசாமி, மளிகைக் கடை முதலாளி, அவரே வந்து ஆர்டர் குடுத்தாரு. டாக்டருக்கு ஒரு மாலை போட்டாப் போதாதா? போதாது. தலைவர் போட்டா உபதலைவர் போடணும். உபதலைவர் போட்டா பொருளாளர் முறைப்பாரு. பொருளாளர் போட்டா கமிட்டிக்காரர் ஒவ்வொருத்தரும் போடணும், இல்லைன்னா அடுத்த வருஷம் சந்தா வராது. சந்திரமதி ரெண்டு நாளா வேற வேலை பாக்காம கட்டினா. செவந்தியும் ரோஜாவுமா, கை தடிமனுக்கு ஒவ்வொண்ணும்.

நாலு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்குச்சு. டாக்டரு மூணே முக்காலுக்கே வந்து உக்காந்திருந்தாரு. தலைவரைக் காணோம். அவரு கோட்டு இஸ்திரி ஆகலையாம்! வந்தாரு. கடவுள் வாழ்த்து. அப்புறம் வரவேற்புரை. செயலாளர் தம்பிராஜா எழுதிக் கொண்டாந்த தாளை நான் எட்டிப் பாத்தேன், ஒன்பது பக்கம். காஜா பெராங் சங்கம் எப்படித் தோணுச்சு, யாரு நாற்காலி குடுத்தாரு, யாரு சுவர் கடியாரம் குடுத்தாரு, எல்லாம் வந்துச்சு. காசநோய் மட்டும் வரல. அப்புறம் தலைமையுரை. அப்பாசாமிக்கு மைக்கைக் கண்டா போதும், இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு விடமாட்டாரு. தமிழனின் பெருமையில ஆரம்பிச்சு, அவரு மெட்ராஸ் போன கப்பல் கதையில முடிச்சாரு. அதுக்கப்புறம்தான் மாலை. கேமராக்காரனுக்கு நடுவுல பல்பு தீர்ந்துபோய், ஆறாவது மாலைக்காரரு போட்ட மாலையைக் கழட்டி வாங்கி மறுபடி போட்டாரு. சிரிக்காதீங்க. நான் அன்னைக்கு சிரிச்சேன், அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என் செவுள்ல நானே அறைஞ்சுக்கணும் போல இருக்கு.

டாக்டர் பேச எழுந்தப்போ மணி ஆறு. தம்பின் ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்க ஏழு மணிக்கு அவருக்குக் கார். நல்ல டாக்டருதான், நல்ல தமிழ்தான், யாழ்ப்பாணத்து வாடை லேசா அடிச்சுது. ஆனா படிச்ச மனுஷன் எங்க ஆரம்பிச்சாரு தெரியுமா? இந்தக் கிருமியை எந்த நாட்டுக்காரன் எப்ப கண்டுபிடிச்சான்னு ஆரம்பிச்சாரு. கண்ணாடிச் சட்டத்துல சின்னச் சின்னப் படம், ஸ்லைடுன்னு பேரு. அவரு எடுத்து எடுத்துக் குடுக்க, நான் மெஷின்ல சொருகினா சுவர்ல பெருசா விழும். கிருமி படம், நுரையீரல் படம், பழைய காலத்து ஆஸ்பத்திரி படம். சந்திரமதி கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டிருந்தா. கடைசி வரிசையில கலியாணசுந்தரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

ஆறு நாப்பதுக்கு அப்பாசாமி எழுந்து டாக்டர் காதுல ஏதோ சொன்னாரு. "இன்னும் அஞ்சு படம் இருக்குதே"ன்னு டாக்டர் சொன்னது மைக்குல எல்லாருக்கும் கேட்டுச்சு. "ரயிலுக்கு நேரமாச்சு டாக்டர், நன்றியுரை வேற இருக்கு"ன்னாரு தலைவரு. டாக்டரும் தலையை ஆட்டிட்டு உக்காந்துட்டாரு. சரி, அஞ்சு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அஞ்சு நிமிஷம். நன்றியுரை எவ்வளவு நேரம் நடந்துச்சு? பதினேழு நிமிஷம்! நாற்காலி தூக்கினவருக்கு நன்றி, ஆரஞ்சு கிரஷ் குடுத்த கடைக்கு நன்றி, மைக் செட் யூசுப் நானாவுக்கு நன்றி. என் பேரு வந்தப்போ நான் எழுந்து கும்பிடு வேற போட்டேன். வெக்கம் கெட்டவன்.

நன்றியுரை முடிஞ்ச கையோட நான் ரெண்டாவது மைக்கை எடுத்துக்கிட்டு ஓடினேன். சந்திரமதி கையில குடுத்தேன். அவ எழுந்து நின்னா.

"டாக்டர் ஐயா, எனக்கு ஒரு கேள்வி..."

அப்பாசாமி அவளைப் பாத்தாரு. பூக்காரி. காசநோய்க் கூட்டத்துல, இத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி, ஒரு பூக்காரி எழுந்து தன் வீட்டு நோவைப் பேசப் போறான்னு அவருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "கேள்வி நேரம் முடிஞ்சதும்மா, உக்காரு"ன்னாரு. ஆரம்பிக்கவே இல்ல, முடிஞ்சுபோச்சாம்! இவ உக்காரல. "ஒரே ஒரு கேள்விதான் ஐயா, இருமல்..."ன்னு ஆரம்பிச்சா. அப்பாசாமி என் பக்கம் திரும்பினாரு. கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாரு.

நான் அணைச்சுட்டேன்.

யோசிக்கவே இல்ல. பதினஞ்சு வருஷமா பழகின கை, அதுவா போய் அணைச்சுது. அவ உதடு அசைஞ்சுது. மேல மின்விசிறி கடகடன்னு ஓடுது, ஜனங்க நாற்காலியை நகர்த்துது, கடைசி போட்டோவுக்காக மாலையைக் கழட்டவே விடாததால டாக்டருக்குக் காதெல்லாம் பூ. அவரு அவ பக்கம் பாத்தாரு, வாழ்த்து ஏதோ சொல்றான்னு நினைச்சுக்கிட்டாரோ என்னவோ, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுட்டு இறங்கிட்டாரு. சந்திரமதி படி வரைக்கும் ஓடினா. முந்தி ஒரு தடவை படியில பதில் கிடைச்சதே, அந்த நெனப்பு. இந்தத் தடவை கமிட்டிக்காரங்க சுத்தி நின்னுக்கிட்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டினாங்க. கார் கதவு சாத்திக்கிச்சு.

கலியாணசுந்தரம் பின்னாடி இருந்து நிதானமா நடந்து வந்தாரு. கோவமே இல்ல அவருக்கு. சிரிச்சுக்கிட்டே, "பாத்தியா? சிங்கப்பூர்ல இருந்து வந்த டாக்டரு இவ்வளவு நேரம் பேசினாரே, இருமல் நின்னப்புறமும் ஊசி போடுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? அவ்வளவு முக்கியம்னா சொல்லாம போவாரா?"ன்னாரு. நான் ஒயரைச் சுருட்டிக்கிட்டிருந்தேன். அவ என் பக்கமாத்தான் போனா.

"ஒயரு நீளமாத்தான் இருந்துச்சு நானா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

மறுநாளே கலியாணசுந்தரம் ஆஸ்பத்திரியில குடுத்த ஊசி அட்டையை அலமாரி மேல வீசிட்டாரு. அஞ்சு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. ஆறாம் மாசம் இருமல் திரும்புச்சு. இந்தத் தடவை அதே ஊசி கேக்கல, நோவு அதுக்கு மசியல. மூட்டை தூக்கின மனுஷனை ரெண்டு பேரு தூக்கி உக்கார வச்சாங்க. கடைசி வாரத்துல சந்திரமதிகிட்ட, "அன்னைக்கு நீ கேட்டிருந்தா நான் போயிருப்பேன் புள்ள"ன்னு சொன்னாராம். பாவி மனுஷன், பழியைக் கூட அவ மேல போட்டுட்டுப் போனாரு. இல்ல, அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கேட்டவ வாயை அடைச்சவன் நானு.

துக்கத்துக்கு அப்பாசாமி வந்தாரு. வெள்ளை வேட்டி, பெருமூச்சு. "எல்லாம் விதிம்மா"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவரு சட்டையைப் பிடிச்சிருப்பேன், சாவு வீடாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். விதியா? ஒன்பது பக்க வரவேற்புரை விதியா? கோட்டு இஸ்திரி ஆகாதது விதியா?

இத்தோட முடிஞ்சிருந்தா கூட நான் மத்தவங்களைத் திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். முடியல. காரியம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். ஃபியூஸ் கம்பி தேடி மேசை டிராயரை இழுத்தேன். உள்ள ஒரு காகித உறை. அஞ்சு ஸ்லைடு. அன்னைக்குக் காட்டாம விட்ட அஞ்சு படம்! அவசரத்துல டாக்டரு ஆம்ப்ளிஃபையர் மேலேயே விட்டுட்டுப் போயிருக்காரு, நானும் ஒயரோட சேர்த்து அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். கூட்டத்துக்கு மறுநாள்தான் கவனிச்சேன், சிங்கப்பூருக்குத் தபால்ல அனுப்பணும்னு உறையில போட்டேன், நாளைக்கு நாளைக்குன்னு டிராயர்லயே கிடந்துச்சு. ஒரு நாளாவது என்ன படம்னு எடுத்துப் பாத்தேனா? இல்ல.

பல்புக்கு நேரா ஒவ்வொண்ணாப் பிடிச்சேன். ஒண்ணுல பால், முட்டை. ஒண்ணுல சன்னல் திறந்து வச்ச வீடு. மூணாவதுல ஒரு ஆளு, தொழிலாளி மாதிரி, சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். கீழ தமிழ்ல அச்சடிச்சிருக்கு: 'இருமல் நின்றுவிட்டது. நோய் இன்னும் நிற்கவில்லை. ஊசியை நிறுத்தாதீர்கள்.'

யா அல்லா. ஒன்பது மாசமா அந்தப் பதிலு என் டிராயர்ல கிடந்திருக்கு. சந்திரமதி வாரத்துக்கு மூணு தடவை என் கடையைத் தாண்டி சைக்கிள்ல போனா. கலியாணசுந்தரம் நடுவுல ஒரு நாள் வந்து, அதே மேசை முன்னாடி உக்காந்து, ரேடியோவுக்கு வால்வு மாத்திக்கிட்டுப் போனாரு.

என் வீட்டுக்காரி ஷரீஃபாகிட்ட சொன்னேன். "இப்பப் போய்ச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப் போகுது?"ன்னு நானே கேட்டேன். ஷரீஃபா என்னை ஒரு பார்வை பாத்தா. "சொல்லாம இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும். அதுக்குத்தானே?"ன்னா. எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டுப் போனேன்.

சந்திரமதி மேசையில உக்காந்து பூ கட்டிக்கிட்டிருந்தா. அந்த மூணாவது ஸ்லைடைக் குடுத்தேன். வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிச்சா. படிச்சு முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து படிச்சா.

"இது எப்பயில இருந்து உங்ககிட்ட இருக்கு நானா?"

"அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து."

கத்துவான்னு நினைச்சேன், அறைவான்னு கூட நினைச்சேன், அறைஞ்சா வாங்கிக்கலாம்னுதான் கிட்டப் போய் நின்னேன். ஸ்லைடை மேசை மேல வச்சா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க. "இதைக் கடைசியில வச்சிருந்தாரா? எவன் கிருமியைக் கண்டுபிடிச்சா எங்களுக்கென்ன? இதை முதல்ல காட்டினா அவரு படிப்பு குறைஞ்சு போகுமா? அந்த அப்பாசாமி கப்பல் ஏறினா என்ன, கவிழ்ந்தா என்ன? நீங்க! நீங்க என்கிட்ட வாக்குக் குடுத்தீங்க நானா!" சந்துல போறவங்க நின்னு பாத்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். எல்லாம் சரிதானே, எதை இல்லைங்கறது?

அப்புறம் அவ கையிலிருந்த சரத்தைப் பாத்தா. குரல் இறங்கிப்போச்சு. "பதினாலு மாலைன்னு அவரு சொன்னப்போ நான் சந்தோஷப்பட்டேன் நானா. நல்ல வியாபாரம்னு. இன்னும் ரெண்டு ஆளு சேருவாங்களான்னு நானே கேட்டேன்"ன்னா. அந்த ஸ்லைடை அவளே வச்சுக்கிட்டா. மத்த நாலையும் நான் சிங்கப்பூருக்கு அனுப்பிட்டேன்.

போன வருஷக் கடைசியில மறுபடி ஒரு கூட்டம். கோலாலம்பூர் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு சரித்திர ஆசிரியரு, மலாக்காவுல அந்தக் காலத்துக் கப்பல் வியாபாரத்தைப் பத்திப் பேசறாரு. அப்பாசாமி நேரா சந்திரமதி மேசைக்குப் போனாரு. கமிட்டி வளர்ந்துடுச்சாம், பதினாறு மாலை வேணுமாம். "சரிங்க"ன்னா. அவ்வளவுதான்.

அன்னைக்கு மண்டபம் நிறைஞ்ச கூட்டம். தொங்காங் ஆளுங்க கூட வந்திருந்தாங்க, கப்பல் கதைன்னா அவங்க கதையாச்சே. அதிசயமா தலைவரும் நேரத்துக்கு வந்துட்டாரு. கடவுள் வாழ்த்து முடிஞ்சுது. "மாலை எங்க? மாலை எங்க?"ன்னு தம்பிராஜா வாசலுக்கும் மேடைக்கும் ஓடறாரு. சந்திரமதி வெறுங்கையோட உள்ள வந்தா. வெள்ளைச் சேலை. முதல் வரிசை ஓரத்து நாற்காலிக்குப் போகல. நேரா என்கிட்ட வந்து கையை நீட்டினா. நான் ரெண்டாவது மைக்கைக் குடுத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். மாலை இல்ல. நான் கட்டல"ன்னா. "ஐயா, நீங்க பேசறதுக்கு முன்னாடியே நான் கேட்டுடறேன். பின்னாடி நேரம் இருக்காது. இருமல் நின்னுபோன ஒருத்தரு ஊசியை நிறுத்தலாமா?"

அப்பாசாமிக்கு முகம் கறுத்துப்போச்சு. என்னைப் பாத்து கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாரு. நான் அவரையே பாத்தேன். மறுபடி இழுத்தாரு. மூணாவது தடவை இழுத்தப்போ நான் திருகைப் பிடிச்சு சத்தத்தைக் கூட்டினேன். வெளிய ரோட்டுல போன ரிக்‌ஷாக்காரன் நின்னுட்டான்.

சரித்திர ஆசிரியர் நல்ல மனுஷன். எழுந்து நின்னு, "அம்மா, நான் சரித்திரம் படிச்சவன். இதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா"ன்னாரு.

"எனக்குத் தெரியுங்க ஐயா"ன்னா சந்திரமதி. "பதில் என்கிட்ட இருக்கு. கேள்வியைத்தான் அன்னைக்குக் கேக்க விடல. அதான் இன்னைக்குக் கேட்டேன்."

முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ஸ்லைடை எடுத்தா. மேடை விளக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்திப் படிச்சா. படிச்சு முடிச்சு மைக்கை என்கிட்ட நீட்டினா.

அப்பத்தான் ஆம்பளைங்க பக்கம் கடைசி வரிசையில ஒரு ஆளு எழுந்தான். மருதமுத்து. கலியாணசுந்தரம் கூட ஒரே படகுல மூட்டை தூக்கினவன். தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம, "அண்ணி, எனக்கு இருமல் நின்னு ரெண்டு மாசமாச்சு. ஊசிக்குப் போறதில்ல. அதை இன்னொரு தடவை படிங்க"ன்னான்.

நான் மைக்கைத் திரும்ப அவ கையில குடுத்தேன். அவ மறுபடி படிச்சா.